தட்டில் வைத்த காசு யாருடையது?

(ஓட்டல் தொழிலாளர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுகிறார்கள், நாலு கவிதை வாசித்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைத்து வந்தேன். தோழர்கள் டிப்ஸைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார்கள். ஓட்டலில் சப்ளையருக்கு வைக்கிற காசை முதலாளியோ மேனேஜரோ எடுத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. இதுக்கெல்லாம் ஒரு கூட்டமா என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் சமாச்சாரம்தானே! ஆனால் பத்து ரூபாயைச் சின்னக் காசு என்று சொல்கிறவர் யார் என்று பாருங்கள். அதை வைத்துவிட்டுப் போகிறவர் சொல்வார், கல்லாவில் உட்கார்ந்து எண்ணுகிறவர் சொல்வார். அதற்காக இரவு பதினோரு மணி வரை நிற்கிறவர் சொல்லமாட்டார்.

நான் வங்கியில் குமாஸ்தா. காலை பத்து மணியிலிருந்து என் கை வழியாகப் பணம் போகிறது, வருகிறது. லட்சக்கணக்கில் எண்ணுகிறேன். அதில் ஒரு ரூபாயும் எனக்குச் சொந்தமில்லை. சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது நூறு ரூபாய் குறைந்தால் என் கைக்காசைப் போட வேண்டும். நூறு ரூபாய் கூடுதலாக இருந்தால் அதை என் பையில் போட முடியாது, தனிக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். கை வழியாகப் போகிற பணம் அந்தக் கைக்குச் சொந்தமாகாது என்பது வேலையில் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொண்ட பாடம். இதே பாடத்தை ஓட்டல் கல்லாவுக்கும் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசப்போகிறேன்.

முதலில் அந்தக் காசு எப்படிப் போகிறது என்று பார்ப்போம். சாப்பிட்டு முடித்ததும் பில் வருகிறது, சோம்புத் தட்டோடு. மீதிச் சில்லறையில் பத்தோ இருபதோ வைத்துவிட்டு எழுகிறோம். நாம் யாருக்கு வைக்கிறோம்? தண்ணி ஊத்தினவருக்கு, ரெண்டாவது தடவை சாம்பார் கேட்டபோது முகம் சுளிக்காமல் கொண்டுவந்தவருக்கு. முதலாளியை நாம் பார்த்ததுகூடக் கிடையாது. ஆக, கொடுக்கிறவர் மனதில் இந்தக் காசு யாருக்கு என்பதில் குழப்பமே இல்லை. மேஜையிலிருந்து காசு நகர்ந்த பிறகுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

சில இடங்களில் சப்ளையர் அதைத் தானே வைத்துக்கொள்கிறார். சில இடங்களில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும், எல்லாரும் அதில் போட்டுவிட வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை பிரிப்பார்கள். பிரிப்பது நல்லதுதான். ஆனால் பெட்டிச் சாவி யாரிடம்? எண்ணும்போது யார் கூட இருக்கிறார்? எவ்வளவு இருந்தது என்று எங்கே எழுதிவைக்கிறார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடைக்காத பெட்டியைத் தொழிலாளர்களின் பெட்டி என்று சொல்ல முடியாது.

இப்போது இன்னொன்று வந்திருக்கிறது. யாரும் சில்லறை எடுத்துவருவதில்லை. க்யூஆர் அட்டையை ஸ்கேன் பண்ணுகிறோம். 280 ரூபாய் பில்லுக்கு 300 அனுப்பிவிட்டு, 'மீதி உங்களுக்குத்தான் தம்பி' என்று சொல்லிவிட்டு வருகிறோம். அந்த இருபது ரூபாய் எங்கே போனது? முதலாளியின் வங்கிக் கணக்குக்கு. தம்பியின் காதுக்குச் சொல் மட்டும் போனது. முன்பு எடுக்க வேண்டுமென்றால் மேனேஜர் மேஜை வரைக்குமாவது வர வேண்டியிருந்தது. இப்போது கையை நீட்டவே தேவையில்லாமல் காசு அவர் வீட்டுக்குப் போய்விடுகிறது.

முதலாளி எடுப்பதில் பல வகை உண்டு. நேராக எடுப்பது ஒன்று. இரண்டாவது, அபராதம். டம்ளர் உடைந்தால் பெட்டியிலிருந்து, ஒரு வாடிக்கையாளர் காசு கொடுக்காமல் நழுவினால் பெட்டியிலிருந்து. மூன்றாவது, மேனேஜர் பங்கு. நானும்தானே ஓடியாடினேன் என்று சூப்பர்வைசரும் மேனேஜரும் பெட்டியில் பங்கு கேட்பது. நான்காவது, எல்லாவற்றையும்விடப் பெரியது. வேலைக்குச் சேரும்போதே, 'சம்பளம் இவ்வளவுதான், டிப்ஸ் வரும், பாத்துக்க' என்று சொல்லிவிடுவது. இதில் முதலாளி பெட்டியைத் தொடவே இல்லை. ஆனால் டிப்ஸ் முழுவதையும் எடுத்துவிட்டார். வாடிக்கையாளர் தருகிற காசை அளந்து, அந்த அளவுக்குச் சம்பளத்தைக் குறைத்துவிட்டார் இல்லையா?

என் சித்தப்பா மகன் ஒருவன் நகரத்தில் ஒரு பெரிய ஓட்டலில் மேஜை துடைக்கிற வேலை செய்தான். எனக்குத் தம்பி முறை. எட்டு மாதம் இருந்தான். டிப்ஸ் பெட்டியிலிருந்து அவனுக்கு ஒரு பைசாவும் வந்ததில்லை. கேட்டதற்கு, 'நீ க்ளீனர், இது சப்ளையர் காசு' என்றார் மேனேஜர். சரி என்று இருந்தான். பிறகு ஒருநாள் கண்ணாடிக் கதவு உடைந்தது. அதற்குப் பெட்டியிலிருந்து காசு எடுத்தார்கள், போதவில்லை என்று இவனிடமும் பிடித்தார்கள். வரவில் அவன் கிடையாது, செலவில் மட்டும் உண்டு. ஊரில் திருவிழாவுக்கு வரி கேட்பார்கள், தேர் மட்டும் நம் தெருவுக்கு வராது என்கிற கதையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சரி, முதலாளி என்ன சொல்கிறார்? 'என் கடை, என் நாற்காலி, என் ஏசி, என் சமையல். அதுக்காகத்தான் ஜனங்க வர்றாங்க. டிப்ஸும் அதனாலதான் வருது. எனக்கு உரிமை இல்லையா?' நியாயமான கேள்வி மாதிரி தெரியும். பில்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோசை விலைக்குள்ளே வாடகை இருக்கிறது, கேஸ் இருக்கிறது, ஏசி கரண்ட் இருக்கிறது, மாஸ்டர் சம்பளம் இருக்கிறது, முதலாளியின் லாபமும் இருக்கிறது. அதற்கு மேல் ஜிஎஸ்டி போட்டு அரசாங்கமும் தன் பங்கை வாங்கிவிட்டது. பில் கட்டிய நொடியில் முதலாளியின் கணக்கு தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு வைக்கிற காசில் அவருக்கு மறுபடியும் பங்கு என்றால் ஒரே நாற்காலிக்கு இரண்டு முறை வாடகை வாங்குகிறார் என்று அர்த்தம்.

சின்ன டீக்கடையில் முதலாளியே டீ ஆற்றுகிறார், அவரே கொண்டுவந்து வைக்கிறார், அவர் கையில் ஒருவர் ரெண்டு ரூபாய் சேர்த்துக் கொடுக்கிறார். அது அவருக்குத்தான், அதில் நமக்குச் சண்டை இல்லை. வேறொருவர் உழைப்புக்கு வந்த காசில் அவர் கை வைப்பதைத்தான் கேள்வி கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவர்கள் கேட்பீர்கள். ஓட்டல் முதலாளி டிப்ஸை எடுக்கக் கூடாது என்று நேராகச் சொல்கிற தனிச் சட்டம் இந்தியாவில் கிடையாது. ஆனால் நீதிமன்றங்கள் இந்தக் காசு என்ன வகை என்று பேசியிருக்கின்றன. 1976இல் ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஓட்டல் நிர்வாகத்துக்கும் ராஜஸ்தான் ஓட்டல் தொழிலாளர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளரிடமிருந்து வருவதை நிர்வாகம் தன் பையிலிருந்து கொடுத்த மாதிரி கணக்குக் காட்ட முடியாது என்ற நிலையை எடுத்தது. வாங்கியதைக் கைமாற்றுவது மட்டுமே நிர்வாகத்தின் வேலை.

அடுத்தது 2016. ஐடிசி நிறுவனத்துக்கும் வருமான வரித் துறைக்கும் நடந்த வழக்கு. கார்டில் வருகிற டிப்ஸைத் தொழிலாளர்களுக்குப் பிரித்துத் தரும்போது அதைச் சம்பளமாகக் கருதி வரி பிடிக்க வேண்டாமா என்று வரித் துறை கேட்டது. உச்ச நீதிமன்றம், இது சம்பளம் இல்லை, வாடிக்கையாளர் கொடுத்ததை நம்பிக்கையின் பேரில் முதலாளி வைத்திருந்து தொழிலாளியிடம் சேர்க்கிறார் என்றது. நான் கவுண்டரில் எண்ணுகிற பணத்தைப் பற்றிச் சொன்னேனே, அதே நியாயம். ஆனால் இந்தத் தீர்ப்பில் இன்னொரு முனையும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். வேலை ஒப்பந்தத்தின் அடிப்படையில் முதலாளியிடம் டிப்ஸைக் கேட்கும் உரிமை தொழிலாளிக்கு இல்லை, அதனால்தான் அது சம்பளம் ஆகாது என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆக, முதலாளியின் பணமும் இல்லை, தொழிலாளியின் சம்பளமும் இல்லை. இந்த இரண்டு 'இல்லை'க்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

சம்பளத்தில் பிடித்தம் செய்ய வேண்டுமென்றால் சட்டம் குறுக்கே நிற்கும். 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலும் சரி, அதன் இடத்துக்கு வந்திருக்கிற 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் சரி, பொருள் சேதத்துக்காகப் பிடிக்க வேண்டுமானால் தொழிலாளியின் கவனக்குறைவுதான் காரணம் என்று இருக்க வேண்டும், அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பும் கொடுக்க வேண்டும். இதிலிருந்து தப்பிக்கத்தான் டம்ளர் உடைந்ததும் டிப்ஸ் பெட்டிக்குப் போகிறார்கள். கூலியைக் குறைக்கும்போது டிப்ஸைச் சம்பளம் என்கிறார்கள், அபராதம் பிடிக்கும்போது சம்பளம் இல்லை என்கிறார்கள். சட்டம் படிக்கிற மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நம்பி ஒப்படைத்த பொருளைத் தனக்கென்று எடுத்துக்கொண்டால் நம்பிக்கை மோசடி என்கிறது குற்றவியல் சட்டம். நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கும் பணம் என்று உச்ச நீதிமன்றமே சொன்ன டிப்ஸுக்கு அதை ஏன் பொருத்திக் கேட்கக் கூடாது? யாராவது எடுத்து வாதாட வேண்டும்.

சர்வீஸ் சார்ஜ் என்று பெரிய ரெஸ்டாரண்டுகளில் பில்லிலேயே போடுகிறார்களே, அதையும் பார்ப்போம். 2022 ஜூலை 4இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. முதலாளிகள் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28இல் தில்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிகள் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். முதலாளிகள் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? இந்தப் பணம் ஊழியர்களுக்குத்தான் போகிறது, சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர் வரைக்கும் போகிறது. கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது! அப்படியானால் கணக்குப் புத்தகத்தைப் பாத்திரம் கழுவுகிற அம்மாவிடம் காட்டுங்கள் என்று நாம் கேட்க வேண்டும். வாடிக்கையாளரின் உரிமையைப் பற்றி நாடு முழுக்கப் பேசினார்கள். தொழிலாளியின் பெயர் அந்த விவாதத்தில் முதலாளியின் வாயில் மட்டும்தான் வந்தது.

இதுவரைக்கும் சொன்னது கணக்கு. இனி இது ஏன் நம்முடைய மேடையில் பேச வேண்டிய விஷயம் என்பதற்கு வருகிறேன். டிப்ஸின் கட்டமைப்பைக் கூர்ந்து பாருங்கள். வேலை வாங்குகிறவர் ஒருவர். காசு கொடுக்கிறவர் இன்னொருவர். கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம். நடுவில் நிற்கிறவர் இருவர் முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும். இது ஓட்டலில் பிறந்த ஏற்பாடு என்று நினைக்கிறீர்களா? நம் பாட்டன்மார்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் களத்து மேட்டில் நெல்லை அளக்கும்போது தோட்டிக்கும் வெட்டியானுக்கும் ஊர்ப்பணி செய்கிற மற்றவர்களுக்கும் இத்தனை மரக்கால் என்று ஒதுக்குவார்கள். அதற்குப் பெயர் என்ன தெரியுமா? சுதந்திரம். பழைய ஆவணங்களில் அந்தச் சொல்தான் இருக்கிறது. ஊர்ப்பணியாளனுக்கு உரிமையாக வரும் பங்கு என்று அர்த்தம். சொல் இப்படி இருந்தது, நடைமுறை எப்படி இருந்தது? களத்தில் துண்டை விரித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். அளக்கிறவன் கை தாராளமாக இருந்தால் கொஞ்சம் கூட விழும், கோபமாக இருந்தால் பதர்தான் விழும். உரிமையை வாங்கும்போது கும்பிட்டு வாங்க வேண்டியிருந்தது. கும்பிட்டு வாங்குகிற உரிமை நாளடைவில் பிச்சை மாதிரி ஆகிவிடுகிறது.

மகாராஷ்டிரத்தில் இதற்குப் பெயர் பலுதா. மகர் மக்கள் அரசாங்க வேலை செய்தார்கள். தண்டோரா, காவல், தபால் சுமப்பது, அதிகாரி வந்தால் முன்னால் ஓடுவது எல்லாம். வேலை வாங்கியது அரசாங்கம். தானியம் தருவது ஊர்க்காரர்கள், அவர்கள் விருப்பப்படி. பம்பாய் சட்டமன்றத்தில் 1928இல் டாக்டர் அம்பேத்கர் வதன் சட்டத்தைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். வேலை வாங்குவது நீ, கூலிக்கு மட்டும் நாங்கள் ஏன் வீடு வீடாகப் போய் நிற்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கொடுக்கிறவன் இஷ்டத்துக்கு விட்டிருக்கும் தானியத்தை வரையறுத்த பணமாக மாற்று என்று கேட்டார். மசோதா அப்போது நிறைவேறவில்லை. அந்த வதன் முறை பம்பாய் மாநிலத்தில் சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1958இல், அம்பேத்கர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து.

அந்த 1928 மசோதாவின் கேள்வியைத்தான் இன்று ஓட்டல் மேஜையில் கேட்கிறேன். வேலை வாங்குகிறவன் கூலியைக் கொடு. மற்றவர் மனமிரங்கித் தருவதைக் காட்டி உன் கடனைக் கழிக்காதே. அதிலும் பங்கு கேட்காதே. களத்தில் விழுந்த மரக்கால் நெல்லில் மணியக்காரன் கை வைத்த கதைதான், பெட்டியில் மேனேஜர் கை வைப்பது.

இது நம்மோடு முடிகிற கதையும் இல்லை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த பிறகு, 1867இல் தொடங்கிய புல்மன் கம்பெனி தன் ரயில் படுக்கை வண்டிகளில் விடுதலையான கறுப்பின மக்களைப் போர்ட்டர்களாக வைத்தது. சம்பளம் சொற்பம், மற்றதைப் பயணிகளிடம் டிப்ஸாக வாங்கிக்கொள் என்றது. பயணிகள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. முதலாளி ஜார்ஜ் புல்மன் பெயரை வைத்து எல்லாரையும் 'ஜார்ஜ்' என்று கூப்பிட்டார்கள். அடிமையை எஜமான் பெயரால் அழைத்த பழக்கத்தின் மிச்சம் அது. நம்மை நாற்பது வயதிலும் 'டேய் பையா' என்று கூப்பிடுகிறார்களே, அந்த மாதிரி. 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அந்தப் போர்ட்டர்கள் சங்கம் கட்டினார்கள். பன்னிரண்டு ஆண்டு போராடி 1937இல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். மாதம் 400 மணி நேரம் வரை இருந்த வேலை 240 மணி நேரமாகக் குறைந்தது, கூலி உயர்ந்தது. டிப்ஸை உயர்த்து என்று அவர்கள் கேட்கவில்லை. டிப்ஸை நம்பி நிற்க வேண்டாத கூலியைக் கேட்டார்கள்.

முதலாளிகள் சும்மா இருந்தார்களா? 1938இல் அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது, மணிக்கு 25 சென்ட். ஃபுளோரிடா மாநிலம் ஜாக்சன்வில் ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கும் சிவப்புத் தொப்பிப் போர்ட்டர்களிடம் கம்பெனி சொன்னது: நீங்கள் வாங்குகிற டிப்ஸைக் கணக்குக் காட்டுங்கள், 25 சென்ட்டுக்குக் குறைந்தால் மிச்சத்தை மட்டும் நாங்கள் தருகிறோம். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1942இல் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பயணி தந்த காசாலேயே கம்பெனி சட்டப்படியான கூலியைக் கொடுத்துவிட்டதாக ஆயிற்று. 1966இல் ஓட்டல் தொழிலாளர்களை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, குறைந்தபட்சக் கூலியில் பாதி வரை டிப்ஸைக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதியே வைத்தார்கள். அதன் தொடர்ச்சியாக, டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டிய தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். இந்தத் தொகை 1991இல் நின்றது, இன்னும் அங்கேயே நிற்கிறது. கலிஃபோர்னியா போன்ற ஏழு மாநிலங்கள்தான் இப்படிக் கழிக்க விடுவதில்லை.

2017 டிசம்பரில் அமெரிக்கத் தொழிலாளர் துறை இன்னும் ஒரு படி போனது. முழுக் குறைந்தபட்சக் கூலியைக் கொடுத்துவிட்டால் டிப்ஸை முதலாளி தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரைவு விதி போட்டது. அது வந்தால் ஆண்டுக்கு 580 கோடி டாலர் தொழிலாளர் பையிலிருந்து முதலாளிகளுக்குப் போகும் என்று எகனாமிக் பாலிசி இன்ஸ்டிட்யூட் கணக்குப் போட்டுக் காட்டியது. எதிர்ப்புக் கிளம்பியது. 2018 மார்ச்சில் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தியது. எந்தக் காரணத்துக்காகவும் முதலாளி டிப்ஸை வைத்துக்கொள்ளக் கூடாது, மேனேஜரும் சூப்பர்வைசரும் தொழிலாளர் டிப்ஸில் பங்கு எடுக்கக் கூடாது. மேனேஜர் தானே தனியாக ஒரு மேஜையைக் கவனித்து, அவர் கையில் தந்தால் அது மட்டும் அவருக்கு. காரணம் எளிமையானது. எந்த மேஜை யாருக்கு என்று முடிவு பண்ணுகிறவரும், நாளைக்கு வராதே என்று சொல்லக்கூடியவரும் பெட்டியில் கை வைத்தால் யார் வேண்டாம் என்று சொல்ல முடியும்?

பிரிட்டனில் 2009 அக்டோபரிலிருந்து டிப்ஸைக் குறைந்தபட்சக் கூலியில் சேர்த்துக் காட்ட முடியாது. 2023இல் தனிச் சட்டம் போட்டு, 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வரி தவிர வேறு பிடித்தம் இல்லாமல் டிப்ஸ் முழுவதையும் அடுத்த மாத முடிவுக்குள் நியாயமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எப்படிப் பிரிக்கிறோம் என்று எழுதிவைக்க வேண்டும். மூன்று ஆண்டுக்குக் கணக்கு வைத்திருக்க வேண்டும். தொழிலாளி கேட்டால் காட்ட வேண்டும். சர்வீஸ் சார்ஜுக்கும் இதே விதிதான். ஆக, செய்ய முடியாத காரியம் எதையும் நாம் கேட்கவில்லை.

இங்கே ஒரு தோழர், 'டிப்ஸே சுயமரியாதைக்கு இழுக்கு, அதையே ஒழிக்கணும், அதுக்குப் போய் சட்டம் கேக்கிறீங்களே' என்று கேட்டார். தோழர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கை நீட்டி வாங்குவது யாருக்கும் பெருமை இல்லை. ஆனால் எதை முதலில் ஒழிப்பது? கூலியை உயர்த்தாமல் டிப்ஸை ஒழித்தால் தொழிலாளிக்குச் சுயமரியாதையும் வராது, சோறும் வராது. புல்மன் போர்ட்டர்களும் அம்பேத்கரும் காட்டிய வரிசை வேறு. வரையறுத்த கூலி முதலில். அது வந்துவிட்டால் மேஜையில் வைக்கிற பத்து ரூபாய் தானாகவே அன்பளிப்பு ஆகிவிடும், வாங்குகிறவர் வேண்டாம் என்று சொல்லவும் முடியும். வேண்டாம் என்று சொல்ல முடிகிறவருக்குத்தான் அது அன்பளிப்பு.

இன்னொன்றையும் பேசாமல் போனால் நான் முதலாளியை மட்டும் திட்டிவிட்டுப் போனவனாவேன். டிப்ஸ் வாசல் பக்கம்தான் வருகிறது. பின்கட்டுக்கு வருவதில்லை. நான் பார்த்த ஓட்டல்களில் முன்னால் பரிமாறுகிறவர் யார், பின்னால் பாத்திரம் தேய்க்கிறவர் யார், எச்சில் இலை எடுக்கிற பெண்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டால் ஊரின் வரைபடம் அப்படியே ஓட்டலுக்குள் இருக்கிறது. எதிரே வந்து நிற்கிறவர் முகம் வாடிக்கையாளருக்குத் தெரிகிறது, காசு வைக்கிறார். சுத்தமான தட்டு தானாக வந்ததாக நினைக்கிறார். இன்றைக்குப் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த பையன்களும் அந்தப் பின்கட்டில்தான் நிற்கிறார்கள். பாஷை தெரியாதவனிடம் பெட்டிக் கணக்கு சொல்ல வேண்டியதில்லை என்பது முதலாளிக்கு இன்னும் வசதி.

அதனால் சப்ளையர் தோழர்களுக்குச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மேனேஜர் நம் பெட்டியில் கை வைக்கக் கூடாது என்று நீங்கள் கேட்கும்போது, அதே பெட்டியில் க்ளீனருக்கும் பாத்திரம் கழுவுகிற அக்காவுக்கும் பங்கு உண்டு என்று நீங்களே எழுதிக்கொடுங்கள். எந்த விகிதம் என்று நீங்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்கள். அந்தப் பங்கை நீங்கள் கொடுக்காவிட்டால் 'பின்னாடி இருக்கிறவங்களுக்காகத்தான் நாங்க வாங்குறோம்' என்று முதலாளி வந்து பேசுவார், அவருக்கு அந்த வாய்ப்பைத் தந்தது நாம் என்று ஆகிவிடும்.

நாம் கேட்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறைக்கக் கூடாது. முதலாளிக்கும் மேனேஜருக்கும் பெட்டியில் பங்கு கிடையாது, அபராதமும் அதிலிருந்து எடுக்கக் கூடாது. பெட்டிச் சாவி தொழிலாளர்களிடம் இருக்க வேண்டும், வாரா வாரம் எல்லார் முன்னாலும் எண்ணி நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். க்யூஆரில் வருகிற டிப்ஸைப் பில்லில் தனி வரியாகக் காட்ட வேண்டும், அல்லது தொழிலாளர்கள் பெயரில் தனிக் கணக்கும் தனி அட்டையும் மேஜையில் வைக்க வேண்டும். கணக்கு ஆரம்பிக்க யாருக்காவது உதவி வேண்டுமென்றால் பாரம் பூர்த்தி செய்து தர நான் வருகிறேன், அது என் தொழில். இதையெல்லாம் சட்டமாகப் போடு என்று அரசைக் கேட்க வேண்டும். அதற்கு ஓட்டல் தொழிலாளர் சங்கம் வலுவாக வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சின்ன வேலை. நாளைக்குச் சாப்பிடப் போகிற இடத்தில் க்யூஆரில் கூடுதலாக அனுப்பாதீர்கள். காசாகக் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது, 'அண்ணே, இது உங்களுக்கு வந்து சேருமா?' என்று கேளுங்கள். மேனேஜர் காதில் விழாமல் கேளுங்கள், உங்கள் புரட்சிக்கு அவர் வேலை போய்விடக் கூடாது. என்ன பதில் வருகிறது, பெட்டி இருக்கிறதா, சாவி யாரிடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டல் பெயரோடு எழுதுங்கள், சொன்னவர் பெயர் வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டுகளோடு வாருங்கள், அதிலிருந்து பேசத் தொடங்குவோம்.